வலப்பக்க இருக்கை

பயணிகள் விமானத்தின் முன்னறையில் இடப்பக்கம் கேப்டன் உட்காருவார், வலப்பக்கம் துணை விமானி. இருவர் முன்னாலும் ஒரே மாதிரியான கருவிகள் இருக்கும். இருவரில் எவர் வேண்டுமானாலும் விமானத்தை மேலே ஏற்றலாம், கீழே இறக்கலாம். இயந்திரத்தைப் பொறுத்தவரை இரண்டு இருக்கைகளும் சமம். ஆனால் வலப்பக்கம் இருந்தவர் கண்டதைச் சொன்னாரா, சொன்னது இடப்பக்கம் இருந்தவர் காதில் விழுந்ததா என்பதற்கு ஐம்பது ஆண்டுக்கால வரலாறு ஒன்று இருக்கிறது. விமானத்துறை அதைப் பாதுகாப்பின் வரலாறு என்று எழுதி வைத்திருக்கிறது. தமிழ் இலக்கியம் படித்து, மொழி கற்பிக்கிற எனக்கு அது பேச்சின் வரலாறு. பெண்களுக்கு மிகப் பழக்கமான ஒரு மௌனத்தின் வரலாறும்கூட.

ஒரு விமானியை உருவாக்கும் முறையிலேயே முரண் ஒன்று உள்ளது. இந்தியாவில் வணிக விமானி உரிமம் பெற 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி நேரமாவது விமானத்துக்குத் தானே பொறுப்பாளராக இருந்து பறந்திருக்க வேண்டும். பயிற்சியாளர் இறங்கிக்கொள்ள, மாணவர் முதன்முறையாகத் தனியே பறக்கும் நாள்தான் பயிற்சிக் காலத்தின் பெருநாள். தனியாகச் செய்து காட்டு, யாரையும் கேட்காதே, உன்னை நம்பு என்பதே பாடம். உரிமம் வாங்கி ஒரு நிறுவனத்தில் சேர்ந்ததும் பாடம் தலைகீழாகிறது. இனி தனியாக எதையும் செய்யக் கூடாது. ஒருவர் ஓட்ட, மற்றவர் கவனிக்க வேண்டும். ஒருவர் சொன்னதை மற்றவர் திரும்பச் சொல்ல வேண்டும். தனியாளாக வளர்க்கப்பட்டவரை இணையாளாக மாற்றுவதற்கென்று தனியே ஒரு பயிற்சி தேவைப்படுகிறது. ஆங்கிலத்தில் அதற்குப் பெயர் க்ரூ ரிசோர்ஸ் மேனேஜ்மென்ட், சுருக்கமாக சி.ஆர்.எம். 'பணிக்குழு வள மேலாண்மை' என்று மொழிபெயர்க்கலாம்தான். அரசாணை வாசனை அடிக்கிறது. 'சேர்ந்து பறக்கப் பழகுதல்' என்றே நான் சொல்லிக்கொள்கிறேன்.

பெண்கள் இந்த அறைக்குள் வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். 1936இல் லாகூரில் சரளா துக்ரால் என்ற இருபத்தொரு வயதுப் பெண் சேலை உடுத்தி ஜிப்சி மாத் விமானத்தைத் தனியே ஓட்டினார். அந்தச் சேலையைப் பற்றி எழுதாத பத்திரிகை இல்லை. தெற்கே, பெங்களூரு ஜக்கூர் பயிற்சிப் பள்ளியில் 1949இல் தேறியவர் உஷா சுந்தரம். அவருடைய கணவர் கேப்டன் வி. சுந்தரமும் விமானி. அன்றைய சென்னை அரசுக்காக வாங்கப்பட்ட டி ஹாவிலண்ட் டவ் விமானத்தை 1951இல் இருவருமாக லண்டனிலிருந்து பம்பாய்க்கு ஏறக்குறைய 27 மணி நேரத்தில் ஓட்டிக்கொண்டு வந்தார்கள். நேருவும் பட்டேலும் இவர்கள் ஓட்டிய விமானங்களில் பறந்தவர்கள். பின்னாளில் சென்னையில் புளூ கிராஸ் விலங்குநல அமைப்பை உருவாக்கிய குடும்பமும் இதுதான். புளூ கிராஸைத் தெரிந்த அளவுக்கு அந்த 27 மணி நேரம் நமக்குத் தெரியாது. பெட்ரோலுக்காக இறங்கி இறங்கி, இரவும் பகலும் இருவர் மாறி மாறிக் கவனித்து வந்த பயணம் அது. 'கணவருக்குத் துணையாகப் பறந்தார்' என்ற ஒற்றை வரியில் அது முடிந்துவிடுகிறது. துணைவி என்ற சொல்லும் துணை விமானி என்ற சொல்லும் தமிழில் ஒன்றன்மேல் ஒன்று விழுவதை அந்த வரியில் காணலாம்.

பிரேம் மாத்தூர் கதையில் மனைவி என்ற மறைப்பும் கிடையாது. 1947இல் வணிக விமானி உரிமம் பெற்றார். 1949இல் தேசிய விமானப் பந்தயத்தில் வென்றார். எட்டு நிறுவனங்கள் அவரை மறுத்தன. பெண் ஓட்டுகிறாள் என்று தெரிந்தால் பயணிகள் பயப்படுவார்கள் என்பது அவர்கள் சொன்ன காரணம். ஹைதராபாத்தின் டெக்கான் ஏர்வேஸ் ஒருவழியாகச் சேர்த்துக்கொண்டது, துணை விமானியாக. கேப்டனாவதற்குத் தேவையான மணிக்கணக்கை முடித்த பிறகும் இடப்பக்க இருக்கையை அங்கே அவருக்குக் கொடுக்கவில்லை. 1966இல் இந்தியன் ஏர்லைன்ஸில் விமானியாகச் சேர்ந்த துர்பா பானர்ஜிக்கு அதற்கு முன்பு விமானப் பணிப்பெண் வேலை தருவதாகச் சொல்லிப் பார்த்தார்கள் என்பார்கள். பெண் விமானத்துக்குள் வரலாம், காபித் தட்டோடு வரலாம்.

சங்க இலக்கியத்தில் தேர் செலுத்துபவனுக்கு வலவன் என்று பெயர். புறநானூற்றில் ஓரிடத்தில், செலுத்த ஆளே இல்லாமல் வானில் போகும் ஊர்தி பற்றிய பேச்சு வருகிறது. ஆளில்லா ஊர்தியைக் கற்பனை செய்ய முடிந்த மரபில் வலவனுக்குப் பெண்பால் பிறக்கவில்லை. 'விமானி'யில் நல்லவேளையாக ஆண் விகுதி இல்லை. நாம்தான் 'பெண் விமானி' என்று அடைமொழி சேர்த்துக்கொள்கிறோம்.

இனி, சேர்ந்து பறக்கக் கற்பிக்கும் பயிற்சி ஏன் பிறந்தது என்று பார்ப்போம். 1978 டிசம்பர் 28. அமெரிக்காவின் போர்ட்லண்டை நெருங்கிய யுனைடெட் நிறுவனத்தின் டிசி-8 விமானத்தில் சக்கரம் சரியாக இறங்கியதா என்று சந்தேகம். கேப்டன் அதையே ஆராய்ந்தபடி ஏறக்குறைய ஒரு மணி நேரம் வானில் சுற்றினார். எரிபொருள் குறைந்துகொண்டிருந்தது. துணை விமானிக்கும் தெரியும், ஃப்ளைட் இன்ஜினியருக்கும் தெரியும். இருவரும் குறிப்பாகச் சொன்னார்கள், அளவைச் சொன்னார்கள். 'இப்போதே இறக்குங்கள்' என்று சொல்லவில்லை. நான்கு இன்ஜின்களும் ஒவ்வொன்றாக அணைந்து விமானம் புறநகரில் விழுந்தது. இருந்த 189 பேரில் பத்துப் பேர் இறந்தார்கள். அந்த ஃப்ளைட் இன்ஜினியரும் அவர்களில் ஒருவர். இதற்கு முந்தைய ஆண்டு டெனெரீஃப் தீவில் ஓடுபாதையிலேயே இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்தபோதும், எதிரே இன்னொரு விமானம் விலகாமல் நிற்கிறதோ என்ற ஐயத்தை ஃப்ளைட் இன்ஜினியர் எழுப்பியிருந்தார். அந்தக் கேப்டன் தன் நிறுவனத்தில் மற்றவர்களுக்குப் பயிற்சி கொடுப்பவர், பெரிய மனிதர். கேள்வி அவரைத் தாண்டிப் போகவில்லை.

போர்ட்லண்ட் விபத்தை விசாரித்த அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் இரண்டைப் பரிந்துரைத்தது. கேப்டன்களுக்குப் பிறரையும் கலந்து முடிவெடுக்கும் நிர்வாகப் பயிற்சி வேண்டும். மற்றவர்களுக்கு 'அஸர்டிவ்னஸ்' பயிற்சி, அதாவது நினைத்ததைத் தயங்காமல் சொல்லும் பயிற்சி வேண்டும்.

எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த இடம் இதுதான். அஸர்டிவ்னஸ் பயிற்சி என்பது எழுபதுகளின் அமெரிக்காவில் பெண்கள் குழுக்களில் பரவலாக இருந்த ஒன்று. அலுவலகத்தில் மேலாளரிடம், வீட்டில் கணவரிடம், மருத்துவரிடம் மன்னிப்புக் கேட்காமல் ஒரு வாக்கியம் பேசப் பெண்கள் கூடி உட்கார்ந்து பழகினார்கள். அதையே இப்போது விமானிகளுக்குக் கற்றுக்கொடுக்கச் சொன்னார்கள். அன்றைய விமானிகளில் பெண்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். பலர் போர்விமானங்களிலிருந்து வந்த ஆண்கள். அடக்கமாகப் பேசுவது பெண்ணின் இயல்பு என்று நமக்குச் சொல்லப்பட்டிருக்கிறதே, மேலே ஓர் அதிகாரி இருந்தால் அது எவருக்கும் இயல்பாகிவிடும் என்பதற்குக் கறுப்புப் பெட்டி சாட்சி.

1979இல் நாசா இது பற்றி ஒரு கருத்தரங்கு நடத்தியது. 1981இல் யுனைடெட் நிறுவனம் பயிற்சியைத் தொடங்கியது. மூத்த விமானிகள் பலர் கேலி செய்தார்கள். 'சார்ம் ஸ்கூல்' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். பெண்பிள்ளைகளுக்கு நளினமும் நாகரிகமும் கற்றுத்தரும் பள்ளிக்கு அங்கே அந்தப் பெயர். காதுகொடுத்துக் கேட்பது பெண்தனமான காரியம் என்ற எண்ணம் கேலியில் தானாக வெளியே வந்துவிட்டது. முதலில் இந்தப் பயிற்சியின் பெயரும் 'காக்பிட்' ரிசோர்ஸ் மேனேஜ்மென்ட் என்றுதான் இருந்தது. காக்பிட் என்றால் சேவல்சண்டைக் குழி. பிறகுதான் அது 'க்ரூ' ஆயிற்று, சண்டைக்குழி குழுவானது. இன்னொரு பெயர்மாற்றமும் உண்டு. ஓட்டாத விமானியை 'பைலட் நாட் ஃப்ளையிங்' என்று அழைத்துவந்தார்கள். இப்போது அவர் 'பைலட் மானிட்டரிங்', கவனிக்கும் விமானி. இல்லாததை வைத்து அழைக்கப்பட்டவருக்கு, செய்கிற வேலையை வைத்துப் பெயர் வந்தது. 'வீட்டில் சும்மா இருக்கிறாள்' என்ற வாக்கியத்தைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

சார்லட் லிண்டே என்ற பெண் மொழியியலாளர் விபத்துகளின் ஒலிப்பதிவுகளை வாக்கியம் வாக்கியமாக ஆராய்ந்தார். கீழே இருப்பவர் மேலே இருப்பவரிடம் பேசும்போது வாக்கியத்தை மழுப்புகிறார், மழுப்பிச் சொன்ன யோசனைகள் ஏற்கப்படுவதும் குறைகிறது என்று அவர் காட்டினார். இதைப் படித்த பிறகு தென்காசி மாணவிகளிடம் ஒரு வகுப்பில் சொன்னேன்: "நீங்கள் துணை விமானி. கேப்டன் மிக வேகமாக இறக்குகிறார். தமிழில் அவரிடம் சொல்லுங்கள்." முதல் மாணவி, "சார், காத்து ஜாஸ்தியா இருக்கோ?" என்றாள். அடுத்தவள், "தப்பா நினைக்காதீங்க சார், கொஞ்சம் மெதுவா போலாமா?" என்றாள். 'சார்' இல்லாமல் ஒரு வாக்கியம் வரவில்லை. வினைமுற்று கட்டளையாக முடியவே மாட்டேன் என்றது. "அப்பா வண்டி ஓட்டும்போது எங்க அம்மா 'பாத்து'ன்னு மட்டும் சொல்லுவா மேடம். எதைப் பாக்கணும்னு சொல்ல மாட்டா" என்று ஒருத்தி சொல்ல வகுப்பே சிரித்தது. பின்வரிசையில் இருந்தவள் சிரிக்காமல் சொன்னாள்: "பீடிக்கடையில செக்கர் நல்ல பீடியையும் சேத்துக் கழிச்சுப் போட்டாலும் எங்க அம்மா 'அண்ணாச்சி, கொஞ்சம் பாத்துப் போடுங்க'ன்னுதான் சொல்லுவா. எண்ணிக் காட்டத் தெரியும் மேடம் அவளுக்கு. ஆனா காட்ட மாட்டா. மறுநாள் இலை கொடுக்கலைன்னா?"

அவள் சொன்ன கடைசிக் கேள்வியைப் பயிற்சிக் கையேடுகள் தொடுவதில்லை. அவை சொல்வது படிகளை. முதலில் கேள், கேட்காவிட்டால் எச்சரி, அதற்கும் பதில் இல்லாவிட்டால் மறுத்துச் சொல், கடைசியில் கட்டுப்பாட்டை உன் கையில் எடு. 'ஐ ஹேவ் கன்ட்ரோல்' என்பதற்கு எதிர்ப்பேச்சு கிடையாது, 'யூ ஹேவ் கன்ட்ரோல்' என்று விட்டுக்கொடுக்க வேண்டும். சிமுலேட்டரில் ஒரு பயணத்தை முழுதாக நடத்தி, நடுவே கோளாறுகளைப் புகுத்தி, முடிந்ததும் பதிவைப் போட்டுப் பார்த்து, யார் எப்போது வாய்மூடினார் என்று பேசுகிறார்கள். நல்ல பயிற்சிதான். 1989இல் சூ சிட்டியில், திருப்பும் வசதி முழுவதும் செத்துப்போன விமானத்தை, பயணியாக வந்த ஒரு விமானப் பயிற்சியாளரையும் சேர்த்துக்கொண்டு நான்கு பேர் தரைக்குக் கொண்டுவந்தார்கள். 296 பேரில் 184 பேர் பிழைத்தது இந்தப் பயிற்சியால்தான் என்று அந்தக் கேப்டன் ஆல் ஹேன்ஸ் வாழ்நாள் முழுதும் சொல்லிவந்தார். ஆனாலும் மறுநாள் இலை கிடைக்குமா என்ற பயம், ஒப்பந்தம் நீளுமா, பதவி உயர்வுக் குறிப்பில் என்ன எழுதுவார் என்ற பயம் சிமுலேட்டரில் ஏறுவதில்லை.

அந்தப் பயம் கதவுக்கு இந்தப் பக்கம் இன்னும் அடர்த்தி. 1989 மார்ச் 10, கனடாவின் டிரைடன். இறக்கைமேல் பனி படிந்திருப்பதைப் பணிப்பெண் சோனியா ஹார்ட்விக் பார்த்தார். முன்னறைக்குச் சொல்லவில்லை. விமானிகளின் வேலையில் தலையிடக் கூடாது என்றே பழக்கப்பட்டிருந்ததைப் பின்னர் விசாரணையில் அவர் சொன்னார். பயணிகளாக வந்த இரண்டு விமானிகளும் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தார்கள். அவர்களைத் தடுத்தது தொழில் மரியாதை, அவரைத் தடுத்தது படிநிலை. கிளம்பிய சில நொடிகளில் விமானம் காட்டில் விழுந்து 24 பேர் இறந்தார்கள். பணிப்பெண்களில் பிழைத்தவர் அவர் ஒருவரே. அதே ஆண்டு ஜனவரியில் இங்கிலாந்தின் கெக்வொர்த்தில், இடப்பக்க இன்ஜினில் தீ தெரிந்தது. வலப்பக்க இன்ஜினை அணைத்துவிட்டதாகக் கேப்டன் அறிவித்ததைக் கேட்டவர்கள் கேபினில் இருந்தார்கள். எவரும் போய்ச் சொல்லவில்லை. 47 பேர் இறந்தார்கள். இவற்றுக்குப் பிறகே கேபின் ஊழியர்களும் குழுவில் சேர்ந்தவர்கள் என்று பயிற்சி விரிந்தது.

நம் நாட்டில் அந்தப் பெண்களின் நிலை என்னவாக இருந்தது? யுனைடெட் நிறுவனம் பயிற்சி தொடங்கிய அதே 1981இல் நர்கேஷ் மிர்சா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏர் இந்தியாவின் பணிப்பெண்கள் 35 வயதில் ஓய்வுபெற வேண்டும், சேர்ந்து நான்கு ஆண்டுகளுக்குள் மணம் முடித்தால் போக வேண்டும், முதல் கர்ப்பத்திலேயே போக வேண்டும். அதே கேபினில் வேலைசெய்த ஆண்களுக்கு ஓய்வு வயது 58. கர்ப்ப விதியை நீதிமன்றம் நீக்கியது, திருமண விதியை ஏற்றுக்கொண்டது. முப்பத்தைந்து வயதில் வெளியேற்றப்படப்போகும் ஒரு பெண் ஐம்பது வயதுக் கேப்டனிடம் 'இறக்கையில் ஏதோ கோளாறு' என்று கதவைத் தட்டிச் சொல்ல எவ்வளவு துணிவு வேண்டும் என்று நினைத்துப் பார்க்கலாம். கேபினுக்குத் தலைவராகப் பெண் இருக்கலாம் என்ற ஏர் இந்தியாவின் 2005ஆம் ஆண்டு முடிவை எதிர்த்து ஆண் ஊழியர்கள் வழக்காடினார்கள். 2011இல்தான் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது.

முன்னறைக்குத் திரும்புவோம். 2010 மே 22, மங்களூரு. கேப்டன் வழியில் நெடுநேரம் தூங்கியிருந்தார். விமானம் தேவைக்கு மேல் உயரத்திலும் வேகத்திலும் இறங்கியது. மீண்டும் மேலேற்றிச் சுற்றிவரும்படி துணை விமானி மூன்று முறை சொன்னது பதிவில் இருக்கிறது. 158 பேர் இறந்தார்கள், எட்டுப் பேர் பிழைத்தார்கள். 2020 ஆகஸ்ட் 7, கோழிக்கோடு. மழை, பின்காற்று, குன்றின்மேல் ஓடுபாதை. விமானம் ஓடுபாதையில் ஏறக்குறைய பாதியைத் தாண்டித் தரை தொட்டது. 'மேலேற்றுங்கள்' என்று துணை விமானி சொல்லியிருந்தார். கேப்டன் ஏற்றவில்லை. இரண்டு விமானிகள் உள்பட 21 பேர் இறந்தார்கள். அறிக்கைகளில் 'அதிகாரச் சரிவு' என்ற சொல் வருகிறது. இரண்டு இருக்கைகளுக்கு இடையே உள்ள மேடு பள்ளத்துக்குப் பெயர் அது. சரிவு அதிகமானால் பேச்சு மேலே ஏறாது. ஆறும் அருவியும் பார்த்து வளர்ந்த குற்றாலத்துக்காரிக்கு இந்த உவமையை விளக்க வேண்டியதில்லை.

நான்கு முறையும் வலப்பக்கத்தில் இருந்தவர் ஆண் என்பதைக் கவனியுங்கள். அந்த இருக்கையில் ஒரு பெண்ணை வைத்துப் பார்த்தால் சரிவு இன்னும் எத்தனை பாகை கூடும்? இப்போது அவர்கள் நிறையப் பேர் அங்கே இருக்கிறார்கள். 2021இல் உலகப் பெண் விமானிகள் சங்கம் தந்த கணக்கில் இந்திய விமானிகளில் 12.4 விழுக்காடு பெண்கள். அமெரிக்காவில் 5.5 மட்டுமே. 1985 நவம்பரில் சௌதாமினி தேஷ்முக்கும் நிவேதிதா பாசினும் கல்கத்தாவிலிருந்து சில்சருக்கு ஃபோக்கர் ஃப்ரெண்ட்ஷிப் விமானத்தை ஓட்டியது இங்கே முழுவதும் பெண்கள் ஓட்டிய முதல் பயணச் சேவை. 2021 ஜனவரியில் சோயா அகர்வால் தலைமையில் நான்கு பெண்கள் சான்பிரான்சிஸ்கோவிலிருந்து வடதுருவத்தின் வழியாகப் பெங்களூருக்கு வந்தார்கள். ஆண்டுதோறும் மார்ச் 8 அன்று எல்லாப் பெண்களையும் ஒரே விமானத்தில் ஏற்றிப் படமெடுத்துப் போடுவது வழக்கமாகிவிட்டது. எனக்கு அந்தப் படங்கள் பிடிக்கும். ஆனால் மார்ச் 9 அன்று முப்பது வயதுப் பெண் இடப்பக்கத்திலும் ஐம்பது வயது ஆண் வலப்பக்கத்திலும் அமர்ந்து பறந்த பயணத்தில் யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்றுதான் தெரிந்துகொள்ள ஆசை. 1990 ஜனவரி 1 அன்று நிவேதிதா பாசின் இருபத்தாறு வயதில் ஜெட் விமானத்தின் கேப்டனாக இடப்பக்கம் உட்கார்ந்தார். வலப்பக்கம் யார் என்று எந்தச் செய்தியும் எழுதியதாக நான் பார்க்கவில்லை.

தென்காசியில் ஓடுபாதை கிடையாது. தூத்துக்குடி வாகைக்குளத்துக்கோ மதுரைக்கோ போக வேண்டும், அல்லது மலை தாண்டித் திருவனந்தபுரத்துக்கு. அந்தத் திருவனந்தபுரத்தின் கடற்கரையில் கொச்சுதுறை என்ற மீனவ ஊர் இருக்கிறது. 2021 மே மாதத்தில் அவ்வூரின் ஜெனி ஜெரோம் ஷார்ஜாவிலிருந்து சொந்த ஊருக்கு வந்த ஏர் அரேபியா விமானத்தில் துணை விமானியாக வந்து இறங்கினார். வகுப்பில் அவர் படத்தைக் காட்டியபோது கேள்விகள் பறந்தன. எவ்வளவு செலவாகும் என்பதுதான் முதல் கேள்வி. 40, 50 லட்சம் ரூபாய் என்றதும் அறை அமைதியானது. ஆயிரம் பீடிக்கு என்ன கூலி என்பது அவர்கள் எல்லோருக்கும் தெரியும். சொல்லத் துணிவதற்கு முன்னால் அந்த இருக்கைக்கு வந்து சேர வேண்டுமே.

வகுப்பு முடிந்து பின்வரிசைக்காரி மேசைக்கு வந்தாள். தங்கை பதினோராம் வகுப்பில் வணிகவியல் எடுத்துவிட்டாள், இயற்பியலும் கணிதமும் இல்லாமல் விண்ணப்பிக்க முடியுமா என்று கேட்டாள். இந்த முறை 'தப்பா நினைக்காதீங்க' எல்லாம் இல்லை. அந்த இரண்டு பாடங்களைத் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் தனியாக எழுதித் தேறினால் போதும் என்றேன். கட்டணம் எவ்வளவு, கடைசித் தேதி எப்போது, தேர்வு மையம் எங்கே என்று வரிசையாகக் கேட்டு உள்ளங்கையில் எழுதிக்கொண்டு போனாள்.